பழுத்துப்போன உள்ளுறையைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழைய ரிக்கார்டுகள் இறங்கியிருக்கின்றன. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய 78 வேகத் தட்டுகள், எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் கம்பெனிகளின் எல்பிகள் (33 வேகத்தில் ஓடும் பெரிய தட்டுகள்), நடுவில் சில வெளிநாட்டு எல்பிகள். உள்ளே இருக்கும் காகித உறைகள் பழுத்து, ஓரம் விட்டு, ஈர வாடை அடிக்கின்றன. அவற்றையெல்லாம் எறிந்துவிட்டுப் புது பிளாஸ்டிக் உறை போடலாமா, அந்தக் காகிதத்துக்கும் ஏதாவது மதிப்பு உண்டா?

ரிக்கார்டை அந்த உறையிலிருந்து வெளியே எடுங்கள். உறையை எறியாதீர்கள். இரண்டும் இனி ஒரே வெளி அட்டையோடு சேர்ந்தே இருக்கலாம்; ஒன்றுக்குள் ஒன்று இருக்கத்தான் கூடாது.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை. எந்த உறை எந்தத் தட்டோடு, எந்த அட்டையோடு வந்தது என்பதைப் பதிவு செய்துவிடுங்கள். அட்டை, உறையின் இரு பக்கம், தட்டின் இரு லேபிள் என ஐந்து படம் கைபேசியில் எடுத்தால் போதும். பெட்டியைத் தரையில் கொட்டி, தட்டெல்லாம் ஒரு அடுக்கு, உறையெல்லாம் ஒரு அடுக்கு என்று பிரித்துவிட்டால் எது எதோடு வந்தது என்ற தகவல் அந்த நிமிடத்தோடு போயிற்று. உறையின் பாதி மதிப்பு அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

தட்டை ஏன் எடுக்க வேண்டும் என்றால், காரணம் காகிதத்தின் தயாரிப்பில் இருக்கிறது. அந்தக் காலத்து மலிவு உறைத்தாள்களில் மரக்கூழின் லிக்னின் (மரத்துக்கு விறைப்புத் தரும் பொருள்) அப்படியே தங்கியிருக்கும். மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் குங்கிலியப் பசையும் சேர்ப்பார்கள். ஈரக்காற்றில் படிகாரம் மெல்ல அமிலமாகிக் காகித நாரை அறுக்கும். பழுப்பு நிறம், மடித்தால் ஒடிவது, தொட்டால் விரலில் ஒட்டும் தூள் எல்லாம் அதனால் வருபவை. அமிலம் வினைலை, அதாவது எல்பி செய்யும் பிளாஸ்டிக்கை, பெரிதாகப் பாதிக்காது. தட்டைக் கெடுப்பது அந்தத் தூளும், பல வருட மண்ணும், பூஞ்சையும்தான். தட்டை ஒவ்வொரு முறை உருவும்போதும் அந்தத் தூள் உப்புத்தாள் மாதிரி அதன்மேல் இழுபடுகிறது. மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தட்டில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அவற்றில் பல காதுக்குக் கேட்காது. ஊசி ஓடும் பள்ளத்துக்குள் அமுங்கிய தூள் கேட்கும். படபடவென்று பொரியும் சத்தத்தில் பாதி அதுதான்.

உறையை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குப் பதில் கொஞ்சம் நீளம், ஏனென்றால் எல்லா உறையும் ஒரே ரகம் அல்ல.

78 வேகத் தட்டுக்கு அந்த உறையே சட்டை; மேலே அட்டை கிடையாது. பழுப்புத் தாளில் நடுவே வட்டமாக ஓட்டை விட்டு, லேபிள் தெரியும்படி செய்திருப்பார்கள். அதில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும், இல்லையென்றால் விற்ற கடையின் பெயர். பின்னாளில் ஸ்டூடியோ கண்ட ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் ஓடியன் ரிக்கார்டுகளை விற்றவர். அப்படிப்பட்ட வியாபாரிகளின் பெயர் தாங்கிய உறைகள் இசைத்தட்டு வணிக வரலாற்றுக்கு நேரடிச் சான்று. 'சவுண்ட் சர்வீஸ்' ரப்பர் முத்திரை குத்திய உறை கிடைத்தால் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தட்டு கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் குழாய் ஒலிபெருக்கியில் சுழன்றது என்பதற்கு அந்த முத்திரைதான் அத்தாட்சி. பள்ளம் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதற்கு முன்னெச்சரிக்கையும் கூட.

எல்பிகளில் இரண்டு வகை. கம்பெனி தன் எல்லாத் தட்டுக்கும் போடும் பொது உறை ஒன்று: விளம்பரமோ, மற்ற வெளியீடுகளின் பட்டியலோ, பராமரிப்புக் குறிப்போ இருக்கும். பிரிட்டனில் இ.எம்.ஐ. 1960-களில் போட்ட உறைகளில் 'எமிடெக்ஸ்' என்ற துடைப்புத் துணிக்கு விளம்பரம் இருக்கும். குறிப்பிட்ட ஒரே ஆல்பத்துக்கென்று அச்சடித்த உறை இன்னொன்று. பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' 1967-இல் வந்தபோது முதல் பதிப்புக்குச் சிவப்பு-வெள்ளை அலை வண்ண உறை இருந்தது. பிறகு வெள்ளை உறைக்கு மாறிவிட்டார்கள். லெட் செப்பெலினின் 'இன் த்ரூ தி அவுட் டோர்' (1979) இன்னும் விசித்திரம்: கறுப்பு-வெள்ளை உள்ளுறையில் தண்ணீர் பட்டால் வண்ணம் வெளிவரும். அசல்தானா என்று நனைத்துப் பார்க்கத் தோன்றும். நனைத்தால் நனைத்ததுதான், வண்ணம் திரும்பிப் போகாது. இப்படிப்பட்ட தட்டுகளை உள்ளுறை இல்லாமல் விற்பவர் முழுமையில்லாத பொருளை விற்கிறார். விற்பனைக் குறிப்புகளில் 'ஓ.ஐ.எஸ்.' என்று போட்டிருந்தால் அசல் உள்ளுறை இருக்கிறது என்று அர்த்தம். பொது உறைக்கு அவ்வளவு விலை ஏறாது. நம் ஊர் 7 அங்குலச் சிறு தட்டுகளான இபிகளில் பலவற்றுக்குப் படம் போட்ட அட்டையே உறை. அவற்றுக்குத் தனியாக அசல் உள்ளுறை தேடி அலைய வேண்டாம்.

விலையைவிடப் பெரிய பயன் காலம் கணிப்பது. இந்தியாவில் ஒரே எல்பியைப் பல வருடம் திரும்பத் திரும்ப அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். அட்டையில் இருக்கும் ஆண்டு படம் வந்த ஆண்டாகவோ முதல் வெளியீட்டு ஆண்டாகவோ இருக்கும். கையிலிருக்கும் பிரதி எப்போதையது என்று உறை பேசும். விலை அணாவில் அச்சாகியிருந்தால் அது அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தைய அச்சாக இருக்கும், ஏனென்றால் தசம நாணயம் வந்தது அப்போதுதான். 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் 'மெட்ராஸ் ஸ்டேட்' என்பது தமிழ்நாடு என்று ஆனது 1969 ஜனவரியில். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. அதற்கு முன் 'மெட்ராஸ்-2' மாதிரி மண்டல எண்தான். பிரிட்டிஷ் உறையில் ஷில்லிங் விலை இருந்தால் அநேகமாக 1971 பிப்ரவரிக்கு முந்தியது. அமெரிக்க உறையில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தியது.

தமிழ் எழுத்தும் சாட்சி சொல்லும். துதிக்கை மாதிரி மேலே சுழித்த பழைய 'லை', 'னை', கொக்கி போட்ட பழைய 'ணா', 'றா', 'னா' இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாடு அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-இல் வந்தது. சீர்திருத்த எழுத்தில் இருந்தால் அநேகமாக அதற்குப் பிறகு அச்சானது (பெரியார் வழிப் பத்திரிகைகள் 1930-களிலேயே அப்படி அச்சிட்டன, ரிக்கார்டு உறைக்கு அந்தக் கவலை இல்லை). பழைய எழுத்தில் இருப்பதால் மட்டும் 1978-க்கு முந்தியது என்று முடிவு கட்ட முடியாது, அச்சகங்கள் கைவசம் இருந்த ஈய எழுத்தை வருடக்கணக்கில் ஓட்டினார்கள்.

இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே விதி: உறையில் இருக்கும் ஆகப் புதிய தகவல் 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்றுதான் சொல்லும். விளம்பரப் பட்டியலில் 1974-இல் வந்த ஒரு தட்டின் எண் இருந்தால் அந்த உறை 1974-க்கு முந்தியது அல்ல. 1976-இல் அச்சான தட்டு மிச்சமிருந்த 1974 உறையில் போனால் அதுவும் அசல்தான். பின்கோடு இல்லை, ஆகவே 1972-க்கு முந்தியது என்று சொல்வதும் இதே தவறு.

மாற்றி வைத்த உறையைக் கண்டுபிடிக்க முதலில் வட்டத் தடத்தைப் பாருங்கள். பல வருடம் உள்ளே இருந்த தட்டு காகிதத்தில் தன் விளிம்பையும் லேபிள் வட்டத்தையும் பதித்திருக்கும். எல்பி லேபிள் சுமார் 100 மி.மீ.; தடம் அதைவிட வெகுவாகச் சிறியதென்றால் அந்த உறையில் வேறு தட்டு இருந்திருக்கிறது. அடுத்தது நீர்க்கறை. அட்டையின் கீழ் மூலையில் கறை இருந்து, அதே இடத்தில் உள்ளுறையில் துளிக்கறையும் இல்லையென்றால், இரண்டும் ஒன்றாக நனையவில்லை என்று பொருள். இதை விற்பவரிடம் கேட்டால் பொதுவாகப் பதில் வராது.

மறுஅச்சுப் பிரதியைப் பிடிக்க நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து ஒரே கறுப்பு மையில், ஓரம் தெளிவாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் அதே எழுத்து பல வண்ணப் புள்ளிகளாக உடைந்து தெரியும், ஓரம் பிசிறடிக்கும். ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா விளக்கும் உதவும்: காகிதத்தில் வெண்மையூட்டிகள் சேர்ப்பது பரவலானது 1950-களில். 1930-களின் 78 உறை என்று சொல்லப்படுவது நீலமாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படலாம். 1965 எல்பி உறை பளிச்சிடுவதில் ஒன்றும் இல்லை.

இனி சுத்தம். ஈர வாடை என்றால் பூஞ்சை. மற்ற தொகுப்பு இருக்கும் அறையில் இந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். என்95 முகக்கவசம் போட்டு, மொட்டைமாடி நிழலிலோ தாழ்வாரத்திலோ பிரியுங்கள். ஈரப் பூஞ்சையைத் துடைத்தால் அது காகிதத்துக்குள் தேய்ந்து கறையாகிவிடும்; முதலில் காய வேண்டும். உறைகளை வெள்ளை உறிஞ்சுதாள்களுக்கு நடுவே அடுக்கி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் வையுங்கள். பூஞ்சை உலர்ந்து பொடியானதும் மென்மையான ஓவியத் தூரிகையால் ஒரே திசையில், உங்களைவிட்டு விலகிப் போகும்படி தள்ளுங்கள். வெயிலில் காயப் போடுவது பாட்டி வைத்தியம். மையும் போகும், காகிதமும் முறுகும். வினிகர் கூடவே கூடாது, ஏற்கெனவே அமிலத்தில் வெந்த காகிதத்துக்கு இன்னொரு அமிலம் எதற்கு? அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகாது. வசம்பு வைக்கிறவர்கள் துணியில் கட்டி அலமாரி மூலையில் வைக்கலாம், காகிதத்தின் மேல் பட்டால் எண்ணெய்க் கறை விழும்.

தட்டைக் கழுவுவதில் ஒரு தவறுதான் மன்னிப்பில்லாதது. 78 தட்டு பெரும்பாலும் அரக்குக் கலவை. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். எல்பிக்கு என்று ஐசோபிரோபைல் ஆல்கஹால் கலந்து வைத்த திரவத்தால் 78-ஐத் துடைத்தால் பள்ளமே மழுங்கிவிடும். எனவே ஆல்கஹால் கலக்காமலே செய்து பழகுவது நல்லது: காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டர், அதில் புகைப்படக் கழுவலுக்குப் பயன்படும் வாசனையில்லாத ஈரமூட்டித் திரவம் 2-3 துளி. பாத்திரம் துலக்கும் திரவத்தில் வாசனையும் நிறமும் இருக்கும், பள்ளத்தில் படலமாக நிற்கும். குழாய்த் தண்ணீர், அதிலும் போர்வெல் தண்ணீர், காய்ந்தால் உப்பு பூத்துவிடும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்தான். லேபிள் நனையாமல் பார்த்துக்கொண்டு, பள்ளம் போகும் திசையிலேயே மென்தூரிகையால் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம். அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, தட்டு வைக்கும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம், அறைத் தூசி முழுக்க ஈரத் தட்டில் வந்து உட்காரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். ஈரத்தோடு உறைக்குள் போன தட்டில் புதுப் பூஞ்சை பிடிக்கும், அப்போது பழி பழைய உறைமேல் விழும்.

புது உறை எது என்றால், எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) பிளாஸ்டிக் உறைகள். ஜப்பானின் நாகாவோகா தயாரிப்பும் அதைப் பார்த்துச் செய்த மலிவானவையும் கிடைக்கின்றன, மலிவானவையும் போதும். மெத்தென்று, கண்ணாடி போல் தெளிவாக, ரெக்ஸின் வாடையோடு இருக்கும் பி.வி.சி. உறையை உள்ளேயும் போடாதீர்கள், வெளியேயும் போடாதீர்கள். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் வெயில் காலத்தில் வெளியேறி வினைல்மேல் பால் படிந்த மாதிரி மங்கல் உண்டாக்கும். அது கழுவினாலும் போகாது.

கிழிந்த உறையை ஒட்டுவது தனி வேலை. பெரும்பாலும் கீழ் ஓரத்து ஒட்டுதான் விடும். தட்டைப் 'பொத்'தென்று உள்ளே விடுகிற பழக்கத்தின் விளைவு அது. செல்லோடேப் வேண்டாம்: பிளாஸ்டிக் உரிந்து விழுந்த பிறகும் அதன் பசை மஞ்சளாகக் காகிதத்துக்குள் இறங்கி நிற்கும். பைண்டிங் கடையில் தரும் மைதாப் பசையும் வேண்டாம். பூச்சி வராமல் அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அந்தச் செம்பு காகிதம் கெடுவதை விரைவுபடுத்தும். துத்தம் கலக்காவிட்டால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. இவற்றுக்குப் பதில் இப்படிப் பசை செய்யுங்கள்: மெத்தில் செல்லுலோஸ் என்ற பசைத்தூள் 3 முதல் 4 கிராம், தண்ணீர் 100 மி.லி. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைச் சூடாக்கித் தூளை அதில் கலக்கி, மீதியைக் குளிர்ந்த நீராக ஊற்றிக் கிளறி, இரவு வைத்தால் காலையில் தெளிந்த கூழாக இருக்கும். 10-12 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஜப்பானிய மென்தாளை 1 செ.மீ. அகலப் பட்டையாகக் கையால் கிழியுங்கள். கத்தரித்தால் ஓரம் கோடாகத் தெரியும், கிழித்தால் நார் பிசிறி உறையோடு கலந்துவிடும். கூழைப் பட்டையில் மெல்லத் தடவி, முடிந்தவரை உறையின் உட்புறத்தில் ஒட்டி, மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் உறிஞ்சுதாள், அதன்மேல் 2-3 கிலோ பாரம். கால் மணி நேரத்தில் உறிஞ்சுதாளை மாற்றி, ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை: ரப்பர் முத்திரையோ பேனா எழுத்தோ இருந்தால், ஒரு ஓரத்தில் ஈரப் பஞ்சுக் குச்சியை லேசாக வைத்து எடுங்கள். பஞ்சில் ஊதா ஏறினால் அந்தப் பகுதியில் எந்த ஈரப் பசையும் கூடாது. முத்திரைமை கரைந்து ஓடினால் திரும்ப வராது. பேர் எழுதியிருப்பதை அழிக்க முயலவும் வேண்டாம்.

வைக்கும் முறை: அட்டைக்குள் அசல் உறையைத் தட்டையாக, தட்டில்லாமல் வையுங்கள். தட்டைப் புது உறையில் போட்டு அட்டைக்கு வெளியே, பின்பக்கம் வையுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு பாலிபுரோபிலீன் வெளியுறை மூடட்டும். இரண்டு உறையும் தட்டும் அட்டைக்குள்ளேயே திணித்தால் தடிமன் கூடி, அட்டையின் ஓர ஒட்டும் பிளக்கும், வட்டத் தேய்மானமும் வரும். அட்டைக்கும் பழுத்த உறைக்கும் நடுவே ஒரு அமிலமில்லாத தாளை விட்டால் பழுப்பு அட்டைக்குத் தாவாது. 78-க்கு மட்டும் விதி கொஞ்சம் வேறு: அதற்கு அட்டை இல்லாததால், தட்டு புதுக் கனத்தாள் உறையில், பழைய ஓட்டை உறை அதற்குப் பக்கத்தில் பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறைக்குள்.

எல்லாம் நேராக நிற்க வேண்டும், சாயக் கூடாது. 15-20 செ.மீ.க்கு ஒரு தடுப்பு. ஒரு மீட்டர் நீள எல்பி வரிசை 50 கிலோவுக்குக் குறையாது, சாதாரணப் பிளைவுட் பலகை வளைந்துவிடும். தரையிலிருந்து 10 செ.மீ. உயரம், சுவரிலிருந்து 3-5 செ.மீ. இடைவெளி. ஓதம் ஏறும் சுவரை ஒட்டி வைத்தால் இத்தனை வேலையும் வீண். ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்து, 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பூட்டிய இரும்பு பீரோவுக்குள் அது அதற்கு மேல் போவது சர்வ சாதாரணம்.

தொட்டாலே உதிரும் உறைகள் சில இருக்கும். அவற்றை ஒட்டப் பார்க்காமல், இரு பக்கமும் படமெடுத்துவிட்டு, பாலியெஸ்டர் மடிப்புக்குள் வைத்து விடுங்கள். ஏ4 ஸ்கேனர் இதற்கு உதவாது: உறை சுமார் 305 மி.மீ., ஸ்கேனர் 297 மி.மீ., இரண்டு முறை வைத்தாலும் ஒரு ஓரம் தப்பும். அச்சகப் பெயரும் எண்ணும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். கேமராவை நேர் மேலே நிறுத்தி, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து எடுங்கள். அடையாளம் குறிக்க வேண்டுமென்றால் உறைமேல் எழுதாமல், 2பி பென்சிலால் தனிச் சீட்டில் தட்டின் எண்ணை எழுதி மடிப்புக்குள் சொருகுங்கள்.